உறுதி இல்லாத நாற்பது ஏக்கர்

அருட்டிரு டியூனிஸ் காம்பெல் வரலாறு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நாம் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் போதகர் ஒருவரின் வாழ்வு. டியூனிஸ் காம்பெல் என்பது அவர் பெயர். அவர் அரசரல்லர்; படைத்தலைவருமல்லர். சமயம் போதித்தவர், பள்ளிக்கூடங்கள் நிறுவியவர், கமக்காரர் சங்கம் அமைத்தவர், ஜோர்ஜியா மாநிலத்தின் செனட் சபையில் அமர்ந்து சட்டம் இயற்றியவர். அவரே 1876ஆம் ஆண்டில், அறுபத்து மூன்று வயதில், தாம் சட்டம் இயற்றிய அதே மாநிலத்தின் கைதியாகி, ஒரு பெருந்தோட்டக்காரருக்குக் கூலியாளாக வாடகைக்கு விடப்பட்டார்.

அடிமை முறை ஒழிந்து பதினோராண்டு கழிந்தபின் இஃது எவ்வாறு நிகழ்ந்தது? அதனை ஆராய்வதே நமது நோக்கம். வயலை நம்பி வாழ்வோரும் இங்கே இருக்கின்றீர்கள். சட்டப் புத்தகத்தை நம்பி வாழ்வோரும் இருக்கின்றீர்கள். காம்பெலின் வரலாற்றில் காணியும் உண்டு, சட்டமும் உண்டு. ஆகவே இரு சாராரும் சற்றுச் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

கொல்லன் மகன்

காம்பெல் 1812ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தில் மிடில்புரூக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கொல்லர், அடிமையல்லாத சுதந்திர மனிதர். பிள்ளைகள் பதின்மர். இவர் எட்டாவது பிள்ளை. சிறு வயதிலேயே நியூ யோர்க்கைச் சேர்ந்த லோங் தீவில் ஒரு கிறித்தவப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியில் அவர் ஒருவரே கறுப்பின மாணவர்.

அவரைப் படிப்பித்தோர் ஓர் எண்ணத்தோடு படிப்பித்தனர். சுதந்திரமடைந்த கறுப்பின மக்களை ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்னும் இயக்கம் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. காம்பெலும் அங்கே போதகராகப் போவார் என எதிர்பார்த்தனர். அவரோ மறுத்தார். இந்நாட்டில் உழைத்து உருக்குலைந்தவர்கள் நாங்கள். எங்கள் மக்களில் ஒருவரேனும் அடிமையாக இருக்கும்வரை இந்த மண்ணைவிட்டு அகலோம் என்பது அவர் கருத்து. இருபது வயதிலேயே அந்தக் குடியேற்றத் திட்டத்தை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்.

போதகம் சோறு போடவில்லை. ஆகவே நியூ யோர்க்கிலும் பொஸ்டனிலும் பெரிய ஹொட்டேல்களிற் பரிசாரகர்களின் தலைவராகப் பணிபுரிந்தார். அத்தொழிலைப் பற்றி 1848இல் ஒரு நூலும் எழுதினார். படைவீரரைப் பழக்குவதுபோலப் பரிசாரகரை ஒழுங்குபடுத்திப் பணிசெய்விக்கும் முறை அந்நூலில் விளக்கப்பட்டது. ஓய்வு நேரங்களில் அடிமை ஒழிப்பு மேடைகளிற் பேசினார். ஐம்பது வயதுவரை அவர் வாழ்வு இவ்வாறே சென்றது. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 1863இல் அரசாங்கம் அவரைத் தென் கரோலைனாக் கடற்கரைக்கு அனுப்பியது. விடுதலை பெற்ற மக்களுக்கு வழிகாட்டுவதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி.

நெல் விளைந்த நிலம்

அக்கடற்கரை எத்தகைய நிலம் என்பதைக் கமக்காரராகிய நீங்கள் அறிதல் வேண்டும். ஜோர்ஜியாவின் அல்ற்றமஹா ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் டேரியன் என்னும் சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. அதன் அயலில் நெல் விளைந்தது. கடலில் நீர் பெருகும்போது ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு உயரும். அவ்வேளையில் மதகைத் திறந்தால் வயலில் நீர் நிறையும். வற்றும்போது திறந்தால் வயல் வடியும். இதற்காகச் சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் அணை எழுப்பி, வாய்க்கால் அகழ்ந்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். மேற்கு ஆபிரிக்காவில் நெல் விளைவித்த மக்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருந்தனர்.

அந்த உழைப்பாளிகளுக்குக் கிடைத்த மதிப்பு யாது? டேரியனுக்கு எதிரேயுள்ள பட்லர் தீவின் உரிமையாளர் கடனில் மூழ்கினார். 1859 மார்ச் மாதத்திற் சவன்னா நகரில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகளாக நானூறுக்கு மேற்பட்டோர் விற்கப்பட்டனர். அந்நாட்களை அம்மக்கள் 'அழுகையின் காலம்' என்றே பின்னாளில் நினைவுகூர்ந்தனர். எழுத்தறிவித்தலும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அடிமைக்கு வாசிக்கக் கற்பித்தல் குற்றமென ஜோர்ஜியா 1829இலேயே சட்டம் செய்திருந்தது.

சவன்னாவில் ஒரு கேள்வி

1865 ஜனவரி 12ஆம் திகதி சவன்னா நகரில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. ஒரு பக்கம் போர் மந்திரி ஸ்ரன்றனும் ஜெனரல் ஷேர்மனும். மறு பக்கம் கறுப்பினச் சமயத் தலைவர்கள் இருபதின்மர். அவர்களுக்காகப் பேசியவர் கரிசன் பிரேசியர் என்னும் அறுபத்தேழு வயது முதியவர். தம்மையும் தம் மனைவியையும் ஆயிரம் டொலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். சுதந்திரத்தை எவ்வாறு காப்பாற்றிக்கொள்வீர்கள் என்று மந்திரி வினவினார். எங்களுக்கு நிலம் வேண்டும். அதனை எங்கள் உழைப்பால் உழுது வாழ்வோம் என்பதே முதியவரின் மறுமொழி. அவர் கோரியது நிலமும் உழைக்கும் வாய்ப்புமே.

நான்கே நாளில், ஜனவரி 16ஆம் திகதி, ஷேர்மன் 15ஆம் இலக்கக் கட்டளையைப் பிறப்பித்தார். சார்ள்ஸ்டன் தொடங்கித் தெற்கேயுள்ள கடற்றீவுகளும், கடலிலிருந்து முப்பது மைல்வரை ஆற்றோரமாகக் கைவிடப்பட்டிருந்த நெல்வயல்களும் விடுதலை பெற்றோருக்கென ஒதுக்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு நாற்பது ஏக்கருக்கு மேற்படாத பங்கு. படையினரைத் தவிர வெள்ளையர் எவரும் அங்கே குடியிருத்தலாகாது. சில மாதங்களுள் ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் அந்நிலங்களிற் குடியேறினர்.

ஆயின், அன்பர்களே, ஒரு நுட்பத்தை இங்கே நோக்குங்கள். அக்கட்டளை அளித்தது அனுபவ உரிமை மாத்திரமே. முழு உரிமையைக் காங்கிரஸ் சபை பின்னர் தீர்மானிக்கும் என்று விடப்பட்டது. காணி கையிலிருந்தது, உறுதி கையில் இல்லை.

தீவில் ஓர் அரசு

1865இல் காம்பெல் ஜோர்ஜியாக் கடற்றீவுகளுக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். ஒசபோ, சென்ற் கதரீன்ஸ், சாப்பெலோ முதலிய தீவுகள் அவர் பொறுப்பில் வந்தன. சென்ற் கதரீன்ஸ் தீவிலே அவர் செய்த காரியம் வியத்தற்குரியது. குடியேறிய மக்களைக் கொண்டே ஓர் அரசியலமைப்பை நிறுவினார். செனட் சபை, பிரதிநிதிகள் சபை, உயர் நீதிமன்றம், 275 பேர் கொண்ட காவற்படை யாவும் அச்சிறு தீவில் அமைந்தன. சென்ற ஆண்டுவரை ஏலப்பொருளாக எண்ணப்பட்ட மனிதன் இந்த ஆண்டு பிரதிநிதியாக எழுந்து நின்று வாதித்தான். சென்ற் கதரீன்ஸிலும் சாப்பெலோவிலும் பள்ளிக்கூடங்கள் தோன்றின. குழந்தைகளோடு முதியோரும் எழுத்துப் பயின்றனர். காம்பெலின் குடும்பத்தினரும் அப்பணியில் உழைத்தனர்.

'இது ஒரு தனி மனிதர் நடத்திய சிற்றரசு அன்றோ?' எனச் சிலர் கேட்கக்கூடும். காம்பெலின் கை இறுகிய கை என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால், சபையில் அமர்ந்து பேசவும், பிறர் பேசுவதைப் பொறுமையோடு கேட்கவும், தீர்ப்புக்குக் கட்டுப்படவும் ஒரு மக்கள் பழகுவதற்கு அத்தீவு பள்ளிக்கூடமாயிற்று. இரண்டாண்டு கழித்து வாக்குரிமை வந்தபோது, அப்பயிற்சி வீண்போகவில்லை.

பறிபோன காணி, வாங்கிய காணி

ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டார். அவருக்குப்பின் வந்த அன்ட்ரூ ஜோன்சன், மே 29ஆம் திகதி மன்னிப்புப் பிரகடனம் வெளியிட்டார். கிளர்ச்சி செய்த தோட்டக்காரர் மன்னிப்புப் பெற்று, தங்கள் பழைய காணிகளைக் கேட்டுத் திரும்பி வந்தனர். இலையுதிர் காலத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளை பிறந்தது. விதைத்தவன் ஒருவன், வீடு கட்டியவன் ஒருவன், நிலம் வேறொருவனுக்கு! உறுதி இல்லாத காணியில் நட்ட தென்னம்பிள்ளை எவருக்குக் காய்க்கும் என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

காம்பெல் எதிர்த்து நின்றார். 1866இல் ஜெனரல் ரில்சன் என்னும் அதிகாரி அவரைப் பதவியினின்று நீக்கி, தீவிலிருந்தும் அகற்றினார்.

மனமுடைந்து வடக்கே திரும்பியிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ கடலைக் கடந்து எதிர்க் கரையில் மக்கின்ரொஷ் மாவட்டத்தில் இறங்கினார். பெல்வில் என்னும் இடத்தில் 1,250 ஏக்கர் நிலத்தை விலைபேசி வாங்கினார். தம்மோடு வந்த குடும்பங்களைச் சேர்த்துப் பெல்வில் கமக்காரர் சங்கத்தை அமைத்தார். நிலம் பங்கிடப்பட்டது, ஒவ்வொருவரும் தத்தம் பங்கை உழுது தவணைப் பணம் கட்ட வேண்டுமென்பது ஏற்பாடு. அரசாங்கம் அளித்ததை அரசாங்கமே பறித்துவிட்டது. ஆகவே இம்முறை கொடையை நம்பாது விலைகொடுத்துப் பெறுவோம் என்னும் துணிவு அது. தோல்வியிலிருந்து பாடம் கற்றவருக்கே இத்தகைய துணிவு வரும்.

எழுதாமல் விட்ட வாசகம்

1867 மார்ச் மாதத்திற் காங்கிரஸ் சபை புனரமைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. தென் மாநிலங்களின் கறுப்பின ஆண்கள் வாக்காளராயினர். காம்பெல் ஊரூராகச் சென்று வாக்காளர் இடாப்பிற் பெயர்களைப் பதிவு செய்தார். அவ்வாண்டு இறுதியில் அற்லாந்தா நகரில் ஜோர்ஜியாவுக்குப் புதிய அரசியலமைப்பு வகுக்கும் மகாசபை கூடியபோது, கறுப்பினப் பிரதிநிதிகள் முப்பத்தெழுவருள் அவரும் ஒருவர்.

சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கறுப்பின மக்கள் பதவி வகிக்கும் உரிமையை வெளிப்படையாகக் கூறும் வாசகம் ஒன்று அம்மகாசபையின் முன் இருந்தது. அது நீக்கப்பட்டது. வாக்குரிமை இருந்தால் பதவியுரிமையும் அதனுள் அடங்கும் என்று கூறப்பட்டது. கறுப்பினப் பிரதிநிதிகள் பலரும் அதனை நம்பி இணங்கினர். ஆனால் அதே அரசியலமைப்பை ஆதரித்துப் பேசிய முன்னாள் ஆளுநர் ஜோசப் பிரவுன், வெள்ளை வாக்காளர் முன்னே நின்று, இது கறுப்பினத்தவருக்குப் பதவி வகிக்கும் உரிமை அளிக்கவில்லை என்று உறுதி கூறினார். ஒரே பத்திரத்துக்கு இரு சாராரிடமும் இரு பொருள் சொல்லப்பட்டது!

1868 ஏப்ரல் தேர்தலிற் காம்பெல் மாநிலச் செனட் சபைக்குத் தெரிவானார். அவருடைய மகனும் பிரதிநிதிகள் சபையில் இடம்பெற்றார். ஜூலையில் ஜோர்ஜியா மாநிலம் பதினான்காம் திருத்தத்தை ஏற்றது. செப்டெம்பரில் அதன் உள்ளக் கிடக்கை வெளிப்பட்டது. பதவி வகிக்கும் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று கேட்டு, கறுப்பின உறுப்பினர்களைச் சபையிலிருந்து வெளியேற்றினர். 3ஆம் திகதி பிரதிநிதிகள் சபையும், 12ஆம் திகதி செனட் சபையும் இதனைச் செய்தன. வெள்ளையரெனக் கொள்ளத்தக்க நிறமுடைய நால்வர் மாத்திரம் தப்பினர். வெளியேற்றப்பட்டோரின் ஆசனங்கள், தேர்தலில் அவர்களிடம் தோற்றவர்களுக்கு அளிக்கப்பட்டன. தோற்றவன் வென்றவனானான்!

அன்று பிரதிநிதிகள் சபையில் எழுந்து முழங்கியவர் காம்பெலின் நண்பரும் போதகருமாகிய ஹென்றி மக்நீல் ரேணர். எங்கள் உரிமையை இரந்து கேட்க வரவில்லை. மனிதன் என்ற முறையில் எமக்குரியதை வலியுறுத்தவே வந்துள்ளோம் என்னும் கருத்துப்பட அவர் பேசிய பேச்சு இன்றும் போற்றப்படுகின்றது. பேச்சு ஆசனத்தை மீட்கவில்லை. அதே மாதம் 19ஆம் திகதி கமில்லா என்னும் ஊரில், தேர்தற் கூட்டத்துக்குச் சென்ற கறுப்பின மக்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன, பலர் மாண்டனர்.

காம்பெலும் ரேணரும் வாஷிங்டன் சென்று காங்கிரஸ் தலைவர்களிடம் முறையிட்டனர். 1869 ஜூனில் ஜோர்ஜியா உயர் நீதிமன்றமே கறுப்பினத்தவருக்குப் பதவியுரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. ஆண்டிறுதியிற் காங்கிரஸ் சபை தலையிட்டது. 1870 ஜனவரியில் வெளியேற்றப்பட்டோர் தம் ஆசனங்களுக்குத் திரும்பினர். ஒரு வாசகத்தை எழுதாமல் விட்டதற்கு ஓராண்டுக்கு மேலாக அவர்கள் கொடுத்த விலை இது.

டேரியன் நீதவான்

செனட் சபையிற் காம்பெல் வேண்டியவை எவை? யாவருக்கும் சமமான கல்வி, இரு இனத்தவரும் அமரும் யூரர் சபை, கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தை ஒழித்தல், குடியானவனின் வீடும் நிலமும் கடனிற் பறிபோகாமற் காத்தல், ஒழுங்கான தேர்தல். இவற்றுள் எது தீவிரவாதம் என்று நீங்களே கூறுங்கள்.

டேரியன் பகுதியிற் கறுப்பின மக்களே பெரும்பான்மையோர். காம்பெல் அங்கே சமாதான நீதவானாகவும் இருந்தார். கூலி ஒப்பந்தத்தை மீறிய தோட்டக்காரனும், மாலுமியை அடித்த கப்பற்றலைவனும் அவர் முன் வந்து நிற்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் என்றாலே சாட்டை என்று அறிந்திருந்த மக்களுக்கு, நியாயம் கேட்டுப் போகவும் ஓர் இடம் உண்டு என்னும் நம்பிக்கை அதனால் உண்டாயிற்று. ஆகவேதான் பகைவரின் கோபம் செனட்டர் காம்பெலைவிட நீதவான் காம்பெல் மீது மிகுதியாக மூண்டது. அவர் வீடு எரிக்கப்பட்டது, அவருக்கு நஞ்சூட்டப்பட்டது. முந்நூறு பேர் கொண்ட மக்கட் காவற்படை அவரைச் சூழ்ந்து காத்தது.

ஆயின் மாநில ஆட்சி கைமாறிவிட்டது. 1870 டிசெம்பர்த் தேர்தலிற் பழைய தோட்டக்காரர் கட்சி வென்றது. 1872இற் காம்பெல் செனட் ஆசனத்தை இழந்தார். துப்பாக்கியாற் செய்ய முடியாததை இனி வழக்கினாற் செய்யலாயினர். ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. நீதவானாயிருந்தபோது வெள்ளையர் ஒருவரை முறைகேடாகச் சிறையிட்டார் என்பது ஈற்றில் நின்ற குற்றச்சாட்டு. தண்டனை ஓராண்டுக் கடூழியம்.

வாடகைக்கு விடப்பட்ட கைதி

அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தில் ஒரு விலக்கு உண்டு. குற்றத்துக்குரிய தண்டனையாகவன்றி எவரும் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்தப்படலாகார் என்பது அதன் பொருள். அந்த 'அன்றி' என்னும் சிறு சொல்லின் வழியே ஒரு பெருங்கதவு திறந்தது. 1868 முதல் ஜோர்ஜியா மாநிலம் தன் கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டு வந்தது. புகையிரதப் பாதையிலும் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அவர்கள் உழைத்தனர். விலைகொடுத்து வாங்கிய அடிமை இறந்தால் உரிமையாளனுக்கு நட்டம். வாடகைக் கைதி இறந்தால் அதுவுமில்லை. 1908இலேயே அம்மாநிலம் அவ்வழக்கத்தை ஒழித்தது.

இவ்வாறே 1876 ஜனவரியில், செனட்டராயிருந்த முதியவர் ஒருவர், மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு பெருந்தோட்டக்காரரிடம் வாடகைக்கு விடப்பட்டார். அடிமையாக ஒருநாளும் இருந்திராதவர் தமது முதுமையிலே அடிமையின் உழைப்பைச் சுவைத்தார். ஓராண்டின் பின், 1877 ஜனவரியில் விடுதலையானதும் ஜோர்ஜியாவைவிட்டு நீங்கினார். அவ்வாண்டே தாமும் தம் குடும்பமும் பட்ட துன்பங்களைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டிற் புனரமைப்புக் காலமும் முடிவுற்றது. 1891 டிசெம்பர் 4ஆம் திகதி பொஸ்டன் நகரில் அவர் உயிர் நீத்தார்.

எஞ்சி நின்றது

அவர் வாழ்வு தோல்வியா? அவ்வாறு கூற நாம் உடன்படோம். டேரியன் மக்களுக்கு அவர் கற்பித்த பாடம் அவரோடு போகவில்லை. அவர் சென்றபின்னும் மக்கின்ரொஷ் மாவட்டம் கறுப்பினப் பிரதிநிதிகளை மாநிலச் சபைக்கு அனுப்பி வந்தது. ஜோர்ஜியா முழுவதிலும் கடைசியாக எஞ்சியிருந்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர், அதே மாவட்டத்தைச் சேர்ந்த ரொஜர்ஸ் என்பவர். அவர் 1907இல் விலகினார். மறு ஆண்டு வாக்குரிமையே பறிக்கப்பட்டது. 1962இல் லீரோய் ஜோன்சன் என்பவர் மாநிலச் செனட்டுக்குத் தெரிவாகும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கதவு மூடிக் கிடந்தது. 1868இல் வெளியேற்றப்பட்டோரின் நினைவாக 1978இல் அற்லாந்தா நகரில், அவர்கள் வெளியேற்றப்பட்ட அதே மாநிலத்தின் சபை மாளிகை வளவில், சிலை எழுந்தது.

பெரியோர்களே! காம்பெலின் வரலாற்றில் மூன்று பத்திரங்களைக் கண்டோம். ஒன்றிற் காணி கொடுத்தனர், உறுதி கொடுக்கவில்லை. மற்றொன்றில் வாக்குக் கொடுத்தனர். பதவி வகிக்கும் உரிமையை எழுதவில்லை. மூன்றாவதில் விடுதலை எழுதினர். அதன் அருகே ஒரு விலக்கையும் எழுதினர். மும்முறையும் அம்மக்களின் வாழ்வைத் தீர்மானித்தவை எழுதியவையும் எழுதாமல் விட்டவையுமே. வாய்மொழியாகக் கிடைத்த ஆறுதலை எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை.

அத்துடன், சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதையும் அவ்வரலாறு காட்டுகின்றது. பதினான்காம் திருத்தம் எழுதப்பட்டேயிருந்தது. அதனைக் காக்க மக்கள் இடாப்பிற் பெயர் பதிந்து, சங்கத்திற் சேர்ந்து, நிலத்தை வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து நின்ற இடத்தில் அது நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்தது. அவ்வாறு நில்லாத இடங்களில் நாலாண்டும் நிலைக்கவில்லை.

கொல்லன் மகனாகிய அப்போதகர் தம் மக்களுக்குச் செல்வம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. உழுத நிலத்துக்கு உறுதி கேட்கவும், அளித்த வாக்கை எண்ணிப் பார்க்கவும், எழுதிய சட்டத்தைத் தாமே வாசிக்கவும் பழக்கிச் சென்றார். அத்தகைய பழக்கமே ஒரு மக்களின் நிலையான சொத்து எனக் கூறி நமது உரையை நிறைவு செய்கின்றோம்.